நெட் வரவில்லையா? ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்று முதலில் பாருங்கள்

வீட்டிலோ கடையிலோ நெட் நின்றால் எல்லோரும் முதலில் செய்வது ரவுட்டரை அணைத்துப் போடுவது. தப்பில்லை, பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். சரியாகாதபோது தோண்டிப் பார்த்தால் அடிக்கடி ஒரே விஷயம்தான் கிளம்பும்: எப்போதோ யாரோ ஒரு கருவியில் கையால் போட்டுவைத்த ஐபி எண் (நெட்வொர்க்கில் அந்தக் கருவியின் முகவரி) அப்படியே இருக்கிறது, சுற்றியிருந்த நெட்வொர்க் மட்டும் மாறிவிட்டது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர், போன், டிவி எல்லாம் ஆட்டோமேட்டிக்கில், அதாவது ரவுட்டரே எண் கொடுக்கும்படி, இருக்கட்டும். எண் மாறக்கூடாத பிரின்டர், கேமரா டிவிஆர் (கேமரா படத்தைப் பதிவுசெய்யும் பெட்டி) போன்றவற்றுக்கும் அந்த எண்ணை ரவுட்டரிலேயே ஒதுக்கிவையுங்கள். மேனுவல் சோதனைக்கு உதவும், வேறு வழி இல்லாத சில இடங்களுக்கும் உதவும். அதற்கு மேல் அதற்கு வேலை கொடுத்தால், என்றைக்காவது நமக்கு வேலை வைக்கும்.

இங்கே கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

## எதையும் தொடுவதற்கு முன் பார்க்கவேண்டிய வரிகள்

விண்டோஸில் ஸ்டார்ட்டை அழுத்தி சிஎம்டி என்று தட்டினால் கருப்புத் திரை வரும். அதில் ஐபிகான்ஃபிக், ஓர் இடைவெளி, ஸ்லாஷ் ஆல். திரை முழுக்க எழுத்து கொட்டும், பயப்படவேண்டாம். ப்ளூடூத், விர்ச்சுவல் என்று வரும் பகுதிகளை விட்டுவிட்டு, வயர் என்றால் ஈதர்நெட், வைஃபை என்றால் வயர்லெஸ் என்ற பகுதியை மட்டும் பாருங்கள்.

கருவிகளுக்குத் தானாக எண் கொடுக்கும் முறைக்குப் பெயர் டிஎச்சிபி. 'டிஎச்சிபி எனேபிள்ட்' என்ற வரியில் யெஸ் இருந்தால் ஆட்டோமேட்டிக், நோ இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு ஐபிவி4 அட்ரஸ் (கருவியின் எண்), டிஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வாசல், வீட்டில் அது ரவுட்டரின் எண்), டிஎச்சிபி சர்வர் (எண் கொடுத்தவர்), டிஎன்எஸ் சர்வர்ஸ் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருபவர்). இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் பார்த்துச் சரிவராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப அதுதான் வழி.

டிஎச்சிபி 1993-இல் வந்தது. இன்று எல்லா ரவுட்டரும் பின்பற்றும் வடிவம் 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2131 என்ற விதி ஆவணம். நடப்பது நான்கு செய்திதான். கருவி "யாராவது எண் தருவீர்களா?" என்று நெட்வொர்க் முழுக்கக் கூவும். ரவுட்டர் ஓர் எண்ணை நீட்டும். கருவி அதையே கேட்கும். ரவுட்டர் "சரி, இத்தனை நேரத்துக்கு உன்னுடையது" என்று உறுதி செய்யும். அந்த நேரத்தில் பாதி கழிந்ததும் கருவி தானாகவே புதுப்பிக்கக் கேட்கும். எண்ணோடு கேட்வே, சப்நெட் மாஸ்க் (எந்தெந்த எண்கள் நம் நெட்வொர்க்குக்குள் என்று சொல்வது), டிஎன்எஸ் எல்லாம் சேர்ந்தே வரும். மேனுவலில் இந்த நான்கையும் நாமே நிரப்பவேண்டும், நான்கும் சரியாக இருக்கவேண்டும்.

கிடைத்த எண்ணைப் பார்த்தே பாதிக் கதை தெரிந்துவிடும். வீட்டுக்குள் புழங்கும் எண்கள் 192.168 அல்லது 10 என்று தொடங்கும், அல்லது 172.16 முதல் 172.31 வரை இருக்கும். 192.168.29 என்றால் பெரும்பாலும் ஜியோ ஃபைபர் ரவுட்டர். 172.20.10 என்றால் ஐபோன் ஹாட்ஸ்பாட். 192.168.43 பழைய ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட், 192.168.137 விண்டோஸ் லேப்டாப் பகிரும் நெட். வீட்டு வைஃபையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவர் பையனுடைய போன் ஹாட்ஸ்பாட்டில் இருப்பது இப்படித்தான் வெளிப்படும்.

## அறிகுறி: எண் 169.254 என்று தொடங்குகிறது

ஆட்டோமேட்டிக்கில் கேட்டுப் பார்த்து, யாரும் பதில் சொல்லாததால் கருவி தனக்குத் தானே வைத்துக்கொண்ட எண் இது. இதில் கேட்வே இருக்காது, ஆகவே நெட்டும் வராது. ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் 'செல்ஃப் அசைன்ட் ஐபி' என்று நேரடியாகவே சொல்லிவிடும். பின்னணியில் விண்டோஸ் அவ்வப்போது மறுபடி கேட்டுக்கொண்டே இருக்கும், அதனால் சில நேரம் சும்மா விட்டாலே கொஞ்ச நேரத்தில் சரியாகும்.

முதல் கேள்வி: அதே வைஃபையில், அதே ஸ்விட்சில் இருக்கும் மற்ற கருவிகளுக்கு எண் கிடைக்கிறதா? புதிதாக ஒரு போனை இணைத்துப் பாருங்கள். ஏற்கெனவே இணைந்திருக்கும் போன் பழைய எண்ணில் ஓடிக்கொண்டிருக்கலாம், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

மற்றவற்றுக்குக் கிடைத்து இதற்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு ஐபிகான்ஃபிக் /ரிலீஸ், அடுத்து ஐபிகான்ஃபிக் /ரினியூ. அதற்கும் மசியாவிட்டால் சர்வீசஸ் பட்டியலில் 'டிஎச்சிபி கிளையன்ட்' ஓடுகிறதா என்று பாருங்கள். வேகம் கூட்டித் தருவதாகச் சொல்லும் சில மென்பொருள்கள் இதை நிறுத்திவைத்துவிடும்.

இந்த இடத்தில்தான் மேனுவல் உண்மையிலேயே கைகொடுக்கிறது. ரவுட்டர் 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரில் தற்காலிகமாக 192.168.1.240, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1 என்று போட்டுவிட்டு, கருப்புத் திரையில் பிங் 192.168.1.1 கொடுங்கள். பிங் என்பது அந்த எண்ணில் யாராவது பதில் சொல்கிறார்களா என்று பார்க்கும் கட்டளை. பதில் வந்தால் கேபிள், வைஃபை, டிரைவர் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, எண் கொடுக்கும் வேலைதான் நின்றிருக்கிறது. ரவுட்டர் பக்கத்துக்குள் போய் டிஎச்சிபி ஆனில் இருக்கிறதா என்று பார்க்கலாம். "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று உங்கள் எண்ணிலிருந்தே பதில் வந்தால் அந்த எண்ணுக்கு உள்ளூரில் யாருமே குரல் கொடுக்கவில்லை என்று பொருள். கேபிள் பக்கம் போங்கள். சோதனை முடிந்ததும் மறக்காமல் ஆட்டோமேட்டிக்குக்குத் திரும்புங்கள். அடுத்து வரும் அறிகுறிகளில் பாதி, இப்படிப் போட்டுவிட்டு அப்படியே விட்ட எண்களால் வருபவை.

யாருக்குமே எண் கிடைக்கவில்லை, ஆனால் காலையில் நன்றாக இருந்தது என்றால் ரவுட்டரில் எண்கள் தீர்ந்துபோயிருக்கலாம். டிஎச்சிபி பக்கத்தில் தொடக்க எண், முடிவு எண் என்று ஒரு வரம்பு இருக்கும், 100 முதல் 199 வரை என்பது வழக்கமான ஒன்று. டியூஷன் சென்டர், மெஸ், கல்யாண மண்டபம் மாதிரி ஆட்கள் வந்து போகும் இடத்தில் அந்த 100 எண்ணும் சீக்கிரம் காலியாகும், ஆள் போன பின்பும் எண் அவர் பெயரில் ஒரு நாள் முழுக்க நிற்கலாம். வரம்பை 20 முதல் 250 வரை விரியுங்கள், லீஸ் நேரத்தை (ஓர் எண் ஒருவர் பெயரில் நிற்கும் நேரம்) ஒன்றிரண்டு மணிநேரமாகக் குறையுங்கள்.

## அறிகுறி: ஆபீசில் வரும் நெட் வீட்டில் வரவில்லை

இது நேரடியான கேஸ். டிஎச்சிபி எனேபிள்ட் நோ என்று இருக்கும். ஆபீஸ்காரர்கள் போட்ட எண் வீட்டு ரவுட்டருக்குப் பொருந்தாது.

விண்டோஸ் 10, 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் உங்கள் இணைப்பு, 'ஐபி அசைன்மென்ட்' பக்கத்தில் எடிட், ஆட்டோமேட்டிக். அவ்வளவுதான். டிஎன்எஸ்ஸுக்குத் தனியாக ஒரு எடிட் இருந்தால் அதையும் பாருங்கள், ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவிடுகிறார்கள். உபுண்டுவில் நெட்வொர்க் செட்டிங்ஸில் பல்சக்கரத்தை அழுத்தி ஐபிவி4 பக்கத்தில் ஆட்டோமேட்டிக் டிஎச்சிபி.

ஆபீசில் மேனுவல் எண் கட்டாயம், வீட்டில் ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் தினமும் மாற்றித் திண்டாட வேண்டியதில்லை. ஆபீசில் வைஃபைதான் என்றால், செட்டிங்ஸில் 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' போய் அந்த வைஃபை பெயருக்கு மட்டும் எண் போடலாம். போன்களிலும் இந்த அமைப்பு ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனிதான். வயர் இணைப்பு என்றால் பழைய கன்ட்ரோல் பேனல் வழியாகப் போகவேண்டும்: அடாப்டரின் ப்ராபர்ட்டீஸ், டிசிபி ஐபி வெர்ஷன் 4, அதில் ஆட்டோமேட்டிக்கைத் தேர்ந்தெடுத்தால் 'ஆல்டர்னேட் கான்ஃபிகரேஷன்' என்று இன்னொரு தாவல் முளைக்கும். டிஎச்சிபி பதில் சொல்லாத இடத்தில் மட்டும் பயன்படுத்தவேண்டிய எண்ணை அங்கே எழுதிவைக்கலாம். விண்டோஸில் பல வருஷமாக இருக்கும் வசதி, பயன்படுத்துகிறவர்களைத்தான் காணோம். ஆபீசில் டிஎச்சிபி ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் இது உதவாது, அங்கே தானாகவே ஓர் எண் வந்துவிடும்.

## அறிகுறி: எண் போடுகிறேன், சேமிக்க மறுக்கிறது, அல்லது சேமித்தும் வேலை செய்யவில்லை

விண்டோஸ் 10-இன் எடிட் பெட்டியில் 'சப்நெட் ப்ரிஃபிக்ஸ் லெங்த்' என்று கேட்கும். அங்கே 255.255.255.0 என்று போட்டால் "சேமிக்க முடியவில்லை, சரிபாருங்கள்" என்று மட்டும் சொல்லும், எதைச் சரிபார்க்கவேண்டும் என்று சொல்லாது. 24 என்று போடுங்கள். இரண்டும் ஒன்றுதான். புதிய பதிப்புகள் சிலவற்றில் நேரடியாக மாஸ்க்கையே கேட்கும்.

பழைய பெட்டியில் வேறு ஒரு பொறி. 10.0.0.5 என்று அடித்துவிட்டு டேப் அழுத்தினால் மாஸ்க் இடத்தில் தானாக 255.0.0.0 என்று விழும். 172.16 என்றால் 255.255.0.0. உங்கள் நெட்வொர்க்கில் உண்மையில் இருப்பது 255.255.255.0 ஆக இருக்கலாம். மாஸ்க் தப்பாக இருந்தால் எல்லாம் நிற்காது, அதுதான் தொல்லை. நெட் வரும், பக்கத்து கம்ப்யூட்டர் தெரியும், இன்னொரு மாடியில் இருக்கும் சர்வர் மட்டும் தெரியாது. அது பக்கத்திலேயே இருக்கிறது என்று கருவி நினைத்துக்கொண்டு கேட்வேயிடம் கேட்காமலே இருக்கும்.

பிரின்டரின் சின்னத் திரையில் 192.168.001.064 என்று மூன்று மூன்று இலக்கமாகக் காட்டினால் அப்படியே தட்டாதீர்கள். முன்னால் சுழியம் இருந்தால் விண்டோஸின் பிங் அதைப் பத்துக்குப் பதில் எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்ணாக (ஆக்டல்) எடுத்துக்கொள்ளும். 064 என்று தட்டினால் அது போய்த் தேடுவது 52-ஐ. பிரின்டர் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவோம், பிரின்டர் பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும். 192.168.1.64 என்று சுழியம் இல்லாமல் தட்டுங்கள்.

## அறிகுறி: நெட் வருகிறது, போகிறது, "ஐபி அட்ரஸ் கான்ஃப்ளிக்ட்" என்று ஒரு செய்தி

இரண்டு கருவிகள் ஒரே எண்ணில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டும் டிஎச்சிபியில் வாங்கியிருந்தால் இது அபூர்வம். ஒன்று மேனுவலாக இருந்தால் சகஜம்.

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பிரின்டர் மாட்ட வந்தவர் அதற்கு 192.168.1.105 என்று கையால் போட்டுவிட்டுப் போகிறார். ரவுட்டரின் வரம்பு 100 முதல் 199. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான் இது. கண்டக்டரின் கணக்கில் அந்த சீட் காலி. பிரின்டர் ஓடிக்கொண்டிருக்கும்வரை பல ரவுட்டர்கள் கொடுப்பதற்கு முன் ஒருமுறை தட்டிப் பார்த்து விலகிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை பிரின்டர் அணைந்திருக்கும்போது யாரோ ஒருவரின் போனுக்கு 105 போய்விடும். திங்கட்கிழமை இரண்டும் மோதும். பிரின்ட் போகாது, அல்லது அந்த போனில் நெட் தடுமாறும், எந்த நேரம் எது என்று சொல்லமுடியாது.

கண்டுபிடிக்க: சந்தேகப்படும் கருவியின் கேபிளைப் பிடுங்கிவிட்டு அந்த எண்ணுக்கு பிங் கொடுங்கள். அதன் பிறகும் பதில் வந்தால் இன்னொருவர் அங்கே இருக்கிறார். உடனே ஏஆர்பி -ஏ என்று தட்டினால் அந்த எண்ணுக்கு எதிரே ஒரு மேக் முகவரி (ஆப்பிள் மேக் இல்லை, கருவியின் நெட்வொர்க் பகுதிக்கு உரிய அடையாள எண்) தெரியும். ரவுட்டரின் கிளையன்ட் பட்டியலில் அதைத் தேடினால் பெரும்பாலும் ஆள் அகப்படுவார்.

தீர்வு இரண்டு. முதல் வழி, பிரின்டரின் எண்ணை வரம்புக்கு வெளியே மாற்றுவது. வரம்பு 100-இல் தொடங்கினால் 192.168.1.20 மாதிரி ஒன்று. இரண்டாவது, நான் சொல்லும் வழி: பிரின்டரை ஆட்டோமேட்டிக்கில் போட்டுவிட்டு, ரவுட்டரில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' பக்கம் போய், பிரின்டரின் மேக் முகவரிக்கு இந்த எண் என்று எழுதுவது. சில ரவுட்டர்களில் ஸ்டாட்டிக் லீஸ், ஸ்டாட்டிக் டிஎச்சிபி என்று பெயர் இருக்கும். இப்போது எண் மாறாது, கேட்வேயோ டிஎன்எஸ்ஸோ நாளை மாறினாலும் பிரின்டருக்குத் தானாகப் போய்ச் சேரும், எந்தக் கருவிக்கு எந்த எண் என்ற கணக்கும் ஒரே இடத்தில் இருக்கும்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று: பிரின்டருக்கு வயருக்கு ஒரு மேக், வைஃபைக்கு ஒரு மேக். எதில் இணைத்திருக்கிறீர்களோ அதை எழுதுங்கள்.

## அறிகுறி: பாதிப் பேருக்கு வருகிறது, மீதிப் பேருக்கு வரவில்லை

வரும் கம்ப்யூட்டரிலும் வராத கம்ப்யூட்டரிலும் ஐபிகான்ஃபிக் /ஆல் போட்டு 'டிஎச்சிபி சர்வர்' வரியை ஒப்பிடுங்கள். வேறு வேறாக இருந்தால் விடை கிடைத்துவிட்டது. ஒரே நெட்வொர்க்கில் இரண்டு ரவுட்டர்கள் போட்டி போட்டு எண் கொடுக்கின்றன. கூவுகிறவருக்கு முதலில் பதில் சொன்னவரே ரவுட்டர்.

மாடியில் சிக்னல் வரவில்லை என்று பழைய ரவுட்டரைத் தூசி தட்டி, கீழே இருந்து கேபிள் இழுத்து, மஞ்சள் லேன் ஓட்டையில் (வீட்டுக் கருவிகளை மாட்டும் இடம்) சொருகிவிட்டால் இது நிச்சயம். வரிசை முக்கியம், இப்படிச் செய்யுங்கள்:

1. மாடி ரவுட்டரை மற்ற எல்லாவற்றிலிருந்தும் கழற்றி, ஒரு லேப்டாப்பை மட்டும் அதில் கேபிளில் மாட்டுங்கள்.
2. அதன் லேன் முகவரியை முதலில் மாற்றுங்கள். கீழ் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. கீழ் ரவுட்டரின் டிஎச்சிபி வரம்புக்கு வெளியே இருக்கவேண்டும்.
3. புதிய முகவரியில் மறுபடி உள்ளே போய், வைஃபை பெயர், பாஸ்வேர்டு வைத்துவிட்டு, கடைசியாக டிஎச்சிபியை அணையுங்கள்.
4. கீழிருந்து வரும் கேபிளை லேன் ஓட்டையிலேயே சொருகுங்கள், வேன் ஓட்டையில் (வெளியிலிருந்து நெட் வரும் இடம்) வேண்டாம்.

டிஎச்சிபியை முதலில் அணைத்துவிட்டால் லேப்டாப்புக்கு எண் கிடைக்காமல் வெளியே நிற்பீர்கள். அப்படி ஆகிவிட்டால் மேனுவலாக அதே வரிசையில் ஓர் எண் போட்டு உள்ளே போகலாம். மாடி ரவுட்டரில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' (எண் கொடுக்காமல் வைஃபை மட்டும் தரும் நிலை) இருந்தால் இந்தப் பாடு எதுவும் இல்லை, அதை அழுத்தினால் போதும். கேபிளை வேன் ஓட்டையில் சொருகினாலும் நெட் வரும், ஆனால் மாடியில் இருப்பவர் கீழே இருக்கும் பிரின்டரைத் தானாகத் தேடிப் பிடிக்கமுடியாது. கீழே இருந்து மாடிக் கருவிகளையும் எட்டமுடியாது.

புதிதாக வாங்கிய ஆக்சஸ் பாயின்ட்டின் பக்கத்தையே திறக்கமுடியவில்லை என்றாலும் காரணம் இதே ரகம். டிபி-லிங்க் ஆக்சஸ் பாயின்ட்கள் பலவற்றின் தொடக்க முகவரி 192.168.0.254. உங்கள் கம்ப்யூட்டர் 192.168.1 வரிசையில் இருந்தால் பார்க்காது. தற்காலிகமாக 192.168.0.10 என்று மேனுவலாகப் போட்டுப் போய்விட்டு, முடிந்ததும் திரும்பிவிடுங்கள்.

## அறிகுறி: நெட் கம்பெனியை மாற்றினேன், நெட் வருகிறது, கேமராவும் பிரின்டரும் காணோம்

கடைகளில் இருந்து அதிகம் வரும் கேள்வி இதுதான். பழைய ரவுட்டர் 192.168.1 வரிசையில் இருந்தது, புதியது 192.168.0 அல்லது 192.168.29 வரிசையில் வந்திருக்கிறது. ஆட்டோமேட்டிக் கருவிகள் எல்லாம் மறுபேச்சில்லாமல் புதிய வரிசைக்கு வந்துவிட்டன. டிவிஆர் மட்டும் 192.168.1.108-இல், கேட்வே 192.168.1.1 என்று பழைய வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. டிவிஆரோடு நேரடியாக மாட்டிய டிவியில் படம் தெரியும், போன் ஆப்பில் 'ஆஃப்லைன்' என்று வரும். அப்படி வந்தால் டிவிஆர் ரிப்பேர் என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள்.

குறுக்குவழி: புதிய ரவுட்டருக்குள் போய் அதன் லேன் முகவரியை 192.168.1.1 என்று மாற்றுங்கள். டிவிஆர், பிரின்டர், பில்லிங் கம்ப்யூட்டர் எல்லாம் தொடாமலே உயிர்பெறும். அப்போதே புதிய ரவுட்டரின் டிஎச்சிபி வரம்பு அந்தப் பழைய எண்களை மிதிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ரவுட்டரில் அதை மாற்ற விடவில்லை என்றால் டிவிஆருக்கு ஒரு மவுஸை மாட்டி, மெயின் மெனு, நெட்வொர்க், டிசிபி/ஐபி பக்கம் போய் டிஎச்சிபியை டிக் செய்யுங்கள். டிஎன்எஸ் பெட்டியையும் பாருங்கள். ஆப் வழியாகப் பார்ப்பதற்கு டிவிஆர் வெளியே உள்ள சர்வரைப் பெயர் சொல்லித் தேடவேண்டும், டிஎன்எஸ் தப்பென்றால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஆஃப்லைன்தான். பிறகு ரவுட்டரில் ரிசர்வேஷன் போட்டுவிடுங்கள்.

பிரின்டர் பக்கம், எண் மாறியதும் விண்டோஸில் இருக்கும் 'போர்ட்' பழைய எண்ணையே பிடித்திருக்கும். பிரின்டர் ப்ராபர்ட்டீஸில் போர்ட்ஸ் தாவலுக்குப் போய் கான்ஃபிகர் போர்ட் அழுத்திப் புதிய எண்ணைக் கொடுங்கள். பிரின்டரை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை.

இங்கேயே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். "ஸ்டாட்டிக் ஐபி போட்டால் வெளியூரிலிருந்து கேமரா பார்க்கலாம்" என்று கேள்விப்பட்டுக் கம்ப்யூட்டரிலும் டிவிஆரிலும் மேனுவல் எண் போடுகிறார்கள். அது வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண். வெளியிலிருந்து எட்டும் ஸ்டாட்டிக் ஐபி என்பது நெட் கம்பெனி தனியாகக் காசு வாங்கிக்கொண்டு தருவது. ரவுட்டரின் வேன் பக்கத்தில் 100.64 முதல் 100.127 வரைக்குள் ஓர் எண் தெரிந்தால், பலர் ஒரே வெளி எண்ணைப் பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாட்டில் நீங்கள் இருக்கிறீர்கள். அங்கே போர்ட் ஃபார்வேர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்பிவிடும் ரவுட்டர் அமைப்பு) எத்தனை போட்டாலும் பலிக்காது.

## அறிகுறி: ரவுட்டரை ரீசெட் செய்த பிறகு எல்லோருக்கும் எண் கிடைக்கிறது, நெட் மட்டும் இல்லை

பின்பக்கக் குழியில் குண்டூசியைச் செருகிப் பிடித்தீர்களா? அப்படியானால் வேன் பக்கத்து அமைப்பும் அழிந்திருக்கும். இந்தியாவில் பல பிராட்பேண்ட் இணைப்புகள் பிபிபிஓஇ முறையில் ஓடுகின்றன, யூசர் நேம், பாஸ்வேர்டு போட்டால்தான் ரவுட்டர் உள்ளே போகும். ரீசெட்டுக்குப் பிறகு அந்த இடம் 'டைனமிக் ஐபி' என்றோ வெறுமையாகவோ நிற்கும். வேன் ஐபி 0.0.0.0 என்று காட்டும். நெட் கம்பெனியைக் கூப்பிட்டு யூசர் நேம், பாஸ்வேர்டு, ஃபைபர் என்றால் விலேன் எண், மூன்றையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஃபைபர் பெட்டியில் லாஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் மட்டும் எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள், அது கம்பி அறுந்த கேஸ்.

இனிமேல் வெறுமனே அணைத்துப் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு.

## அறிகுறி: பிங் 8.8.8.8 போகிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை

பாதை சரி, பெயரை எண்ணாக மாற்றும் வேலை நின்றிருக்கிறது. டிஎன்எஸ் வரியைப் பாருங்கள். பழைய ஆபீஸின் உள் சர்வர் எண் ஏதாவது மேனுவலாக இருந்தால் ஆட்டோமேட்டிக்கில் போடுங்கள். ஏற்கெனவே ஆட்டோமேட்டிக்கில்தான் இருக்கிறது என்றால் என்எஸ்லுக்கப், தளத்தின் பெயர், கடைசியில் 1.1.1.1 என்று தட்டிப் பாருங்கள். இதற்குப் பதில் வந்தால் நெட் கம்பெனியின் டிஎன்எஸ் படுத்திருக்கிறது, 1.1.1.1 அல்லது 8.8.8.8 மேனுவலாகப் போட்டுச் சமாளிக்கலாம். போடுவதென்றால் ரவுட்டரில் போடுங்கள், ஒவ்வொரு கருவியிலும் வேண்டாம். போட்ட பிறகு கருவிகள் வைஃபையை ஒருமுறை விட்டுச் சேர்ந்தால்தான் புதிய எண் போய்ச் சேரும்.

இப்படிக் கருவியில் டிஎன்எஸ்ஸைப் போட்டுவைத்தவர்களுக்கு ரயில் நிலையத்திலோ லாட்ஜிலோ இன்னொரு சிக்கல் வரும். வைஃபை இணையும், ஆனால் போன் நம்பர், ஓடிபி கேட்கும் பக்கம் வராது. அந்தப் பக்கத்துக்கு நம்மைத் திருப்பிவிடுவது பல இடங்களில் அவர்களுடைய டிஎன்எஸ்தான். ஆட்டோமேட்டிக்கில் போட்டதும் பக்கம் வரும். ஆண்ட்ராய்டில் "ப்ரைவேட் டிஎன்எஸ் சர்வரை அணுகமுடியவில்லை" என்று வந்தால், விளம்பரம் தடுக்க எப்போதோ எழுதிவைத்த பெயரை எடுத்துவிட்டு அங்கேயும் ஆட்டோமேட்டிக்.

## அறிகுறி: வாட்ஸ்அப் வருகிறது, பிரவுசர் வரவில்லை

காரணம் பெரும்பாலும் ப்ராக்ஸி, அதாவது பிரவுசரின் போக்குவரத்தை இடையில் இன்னொரு சர்வர் வழியாகத் திருப்பும் அமைப்பு. செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ப்ராக்ஸி. 'மேனுவல் ப்ராக்ஸி செட்டப்' ஆனில் இருந்தால் அணையுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் அதற்கு முன் ஐடி ஆட்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் வைக்காத ப்ராக்ஸி, அணைத்தாலும் மறுபடி மறுபடி முளைக்கிறது என்றால் வைரஸ் ஸ்கேன் ஓட்டுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் தனியாக ஒரு ப்ராக்ஸி பக்கம் உண்டு, குரோமில் வந்து ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் வராவிட்டால் அங்கே பாருங்கள்.

## அறிகுறி: ரிசர்வேஷன் போட்டும் போனுக்கு எண் மாறிக்கொண்டே இருக்கிறது

ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபைக்குத் தங்கள் உண்மையான மேக் முகவரியைக் காட்டாமல் கற்பனையான ஒன்றைக் காட்டுகின்றன. வெளியிடங்களில் நம்மைப் பின்தொடராமல் இருக்க அது நல்லதுதான். நீங்கள் போனின் 'அபவுட்' பக்கத்தில் பார்த்து எழுதிய மேக் ரவுட்டருக்குத் தெரியவே தெரியாது. வீட்டு வைஃபைக்கு மட்டும் ஆண்ட்ராய்டில் ப்ரைவசி பகுதியில் 'டிவைஸ் மேக்' அல்லது 'போன் மேக்', ஐபோனில் 'ப்ரைவேட் வைஃபை அட்ரஸ்' ஆஃப் என்று மாற்றிவிட்டு, ஒருமுறை துண்டித்து இணையுங்கள். விண்டோஸிலும் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸஸ்' என்று இதே வசதி உண்டு, பெரும்பாலும் ஆஃபில்தான் இருக்கும். மாற்றிய பிறகு ரவுட்டரின் கிளையன்ட் பட்டியலில் தெரியும் மேக்கைப் பார்த்தே ரிசர்வேஷனில் எழுதுங்கள், பெட்டியில் ஒட்டியிருப்பதைப் பார்த்து எழுதவேண்டாம்.